நெல்லைச் சீமையில் ஒரு நாட்டிய நாடகக் கம்பெனி நிலைக்குமா?

பாளையங்கோட்டையில் நடனப் பள்ளி நடத்தும் ஒரு தங்கை கேட்டிருந்த கேள்வி இது: "கனடாவில் வின்னிபெக் என்ற ஊரில், பாலே என்ற மேற்கத்திய நாட்டியத்தை ஆடும் கம்பெனியைப் பற்றிப் படித்தேன். தலைநகரமும் இல்லை, பெரிய பட்டணமும் இல்லை. எண்பது வருஷத்துக்கு மேல் அங்கே ஒரு கம்பெனி ஓடுகிறது. நம்ம பக்கம் பிள்ளைகள் அரங்கேற்றம் முடித்ததும் சலங்கை பரணுக்குப் போய்விடுகிறது. நமக்கென்று ஒரு நாட்டிய நாடகக் குழு ஏன் நிலைக்கவில்லை? நான் தொடங்கினால் நிலைக்குமா?"

நிலைக்கும். ஆனால் அரங்கேற்றத்தை நம்பினால் நிலைக்காது. வருஷத்தில் இன்ன நாள் என்று ஊர் எதிர்பார்த்திருக்கிற ஆட்டம் ஒன்று கையில் இருந்தால்தான் நிலைக்கும். இதை நான் படித்து மட்டும் சொல்லவில்லை. 1991-ல் நானே ஒரு குழு தொடங்கி, 14 வருஷம் நடத்தி, 2005-ல் நிறுத்தியவள். எங்கே தப்பினேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் வின்னிபெக். அந்த ஊரை நம் கண்ணில் கொண்டுவந்து பார்த்தால்தான் அவர்கள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். சுற்றிலும் கோதுமை வயல், தானிய வியாபாரம், ரயில் சந்திப்பு, எலும்பை உறைய வைக்கும் குளிர். 1939-ல் அங்கே இரண்டு லட்சத்துச் சொச்சம் ஜனம். அதற்கு முந்தின வருஷம்தான் இங்கிலாந்திலிருந்து க்வெனெத் லாய்ட், பெட்டி ஃபாரலி என்று இரண்டு பெண்கள் வந்து நடனப் பள்ளி வைத்தார்கள். பள்ளிக்கூடத்தோடு சேர்த்து ஒரு பாலே கிளப்பும் தொடங்கினார்கள். சம்பளம் வாங்கும் நடனக்காரர் ஒருவர்கூட இல்லை. பகலில் வேலைக்கும் படிப்புக்கும் போய்விட்டு சாயங்காலம் ஒத்திகைக்கு வருகிறவர்கள்தான் எல்லாரும்.

1939-ல் இங்கிலாந்து ராஜாவும் ராணியும் அந்த ஊருக்கு வந்தபோது நடந்த விழாவில் அவர்களுடைய முதல் மேடை. அன்றைக்கு லாய்ட் இரண்டு சிறு ஆட்டங்களை அமைத்தார். ஒன்று தானியத்தைப் பற்றியது. இன்னொன்று நீர்மின்சாரத்தைப் பற்றியது. பழைய பாலேக்களில் வருகிற அன்னப்பறவையும் இல்லை, தூங்கும் இளவரசியும் இல்லை! அந்த ஊர்க்காரன் எதை விதைத்து எதை விற்று வாழ்கிறானோ, எந்த ஆற்றை மறித்து விளக்கெரிக்கிறானோ, அதையே பாலேயாக்கி அவன் முன்னாலேயே ஆடிக் காட்டினார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் பாபநாசத்திலும் 1940-களில் தாமிரபரணியிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். அந்த அணையை வைத்து நம்மில் யாராவது ஒரு பதம் ஆடினோமா? நானும் ஆடவில்லை. அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடித்து, மாலையைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

பத்து வருஷம் அப்படியே அமெச்சூராக ஓடி, 1949-ல் சம்பளக் கம்பெனியாக மாறினார்கள். 1953-ல் "ராயல்" என்ற பட்டம் வந்தது. லாய்ட் அந்தக் கம்பெனிக்காக அமைத்த ஆட்டங்கள் முப்பதுக்கும் மேல். அதில் ஒன்று, புல்வெளிக்குக் குடியேறி வந்த ஸ்காட்லாந்துக் குடும்பத்தின் துயரம். எல்லாம் கைகூடி வந்த நேரத்தில், 1954-ல் தீ. உடைகள், திரைச்சீலைகள், இசைத் தாள்கள், ஆட்டக் குறிப்புகள் எல்லாம் சாம்பல். லாய்ட் அமைத்தவற்றில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கவே இல்லை. கொஞ்ச காலம் கம்பெனி மேடையேறவில்லை. இயக்குநர்கள் வந்தார்கள், போனார்கள். 1958-ல் பொறுப்பேற்ற ஆர்னல்ட் ஸ்போர் முப்பது வருஷம் அசையாமல் இருந்து அதைத் தூக்கி நிறுத்தினார். அவர் வெளியிலிருந்து கூட்டிவந்த ஆளில்லை. அதே புல்வெளிப் பிரதேசத்தில் பிறந்து, அதே கம்பெனியில் ஆடி வளர்ந்தவர். 1970-ல் பள்ளியில் தொழில்முறைப் பிரிவு வந்தது. அங்கே படித்த ஈவ்லின் ஹார்ட் 1980-ல் பல்கேரியாவின் வர்ணா போட்டியில் தங்கம் வாங்கினார்.

தீயில் போன நோட்டுகளை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன் இன்னொரு விஷயம். 1948-ல் வின்னிபெக்கில் கனடாவின் மூன்று கம்பெனிகள் கூடி ஒரு பாலே விழா நடத்தின. அடுத்தடுத்த வருஷங்களில் அது பெரிதானது. அதைப் பார்த்துத்தான் அமெரிக்காவிலும் 1956-ல் அட்லாண்டா நகரத்தில் வட்டார பாலே விழா தொடங்கியது. அதை நடத்திய டோரத்தி அலெக்சாண்டர் 1929-லேயே அட்லாண்டாவில் சின்னதாக ஒரு நடனக் குழு தொடங்கியவர். தனித்தனியே நின்றால் எந்த ஊர்க் குழுவும் தன் குறையைத் தானே பார்க்காது. பக்கத்து ஊர்க்காரன் ஆடுவதைப் பார்க்கும்போதுதான் நம் பிள்ளையின் அரைமண்டி, அதாவது முழங்காலை மடக்கிப் பாதி உட்காரும் நிலை, எவ்வளவு மேலே நிற்கிறது என்று தெரியும். பாளையங்கோட்டை, நாகர்கோவில், தூத்துக்குடி, தென்காசி, கோவில்பட்டி என்று ஐந்து ஊர் ஆசிரியர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை ஒரே மேடையில் கூடினாலே போதும்.

இனி நம் கதை. "பாலே என்பது அவர்களுடையது, நமக்கு அந்த மரபு இல்லை" என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து அதை நம்பாதீர்கள். கதையை ஆட்டமாக, பல பாத்திரங்களோடு, பாட்டும் தாளமும் சேர்த்து மேடையேற்றுவது நம் மண்ணில் ஆழ வேரோடியது. நடராஜரின் ஐந்து சபைகளில் இரண்டு நம் சீமையில் இருக்கின்றன. நெல்லையப்பர் கோயிலில் தாமிர சபை, குற்றாலத்தில் சித்திர சபை. பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில் கிருஷ்ணாபுரம் கோயிலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறீர்களா? ராஜகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் குறவன் அங்கே தூணில் நிற்கிறான். அந்த விலா எலும்புகளையும், எடையைத் தாங்கித் திருகி நிற்கும் இடுப்பையும் ஒரு மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். நான் ஒரு மாதம் வாயால் சொல்லிக்கொடுத்ததை அந்தக் கல் ஒரே நாளில் என் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது.

அதைவிடப் பெரிய சொத்து குற்றாலக் குறவஞ்சி. குற்றாலத்துக்குப் பக்கத்து மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் எழுதியது. மதுரை நாயக்கர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் அதற்காகக் கவிராயருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குப் பெயரே குறவஞ்சி மேடு. கோயிலில் ஆடுவதற்கென்றே எழுதப்பட்ட நூல் என்பது படிக்கும்போதே தெரியும். கட்டியங்காரன் வந்து அறிவிப்பான். குற்றாலநாதர் பவனி வருவார். வசந்தவல்லி பந்தடித்தபடி வந்து, அவரைப் பார்த்து மயங்குவாள். சிங்கி என்ற குறத்தி வந்து மலைவளம் சொல்லிக் கையைப் பிடித்துக் குறி சொல்வாள். பிறகு அவள் புருஷன் சிங்கன், பறவை பிடிக்கிறவன், காணாமல்போன பெண்டாட்டியைத் தேடி அலைவான். தெய்வக் காதலில் தொடங்கி, ஒரு குறவன் குறத்தியின் வீட்டுச் சண்டையும் சமாதானமுமாக முடிகிற கதை. வசந்தவல்லிக்கும் வேலை உண்டு, வேட்டைக்காரனுக்கும் வேலை உண்டு, பறவையாக ஓடிவரும் எட்டு வயதுப் பிள்ளைக்கும் வேலை உண்டு. ஒரு கம்பெனிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ருக்மிணி தேவி 1928-ல் ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவைச் சந்தித்து, முதலில் கற்கத் தொடங்கியது பாலேதான். உன் நாட்டு நடனத்தைத் தேடு என்று பாவ்லோவா சொன்ன பிறகு பரதத்துக்கு வந்தார். 1936-ல் கலாக்ஷேத்ரா என்ற நடனப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே அவர் அமைத்த முதல் நாட்டிய நாடகம் எது தெரியுமா? 1944-ல் மேடையேறிய குற்றாலக் குறவஞ்சி! பாலேயின் மேடை ஒழுங்கை அறிந்த ஒருவர், சென்னையில் உட்கார்ந்து, தமிழ்நாட்டின் பெயர்பெற்ற நாட்டிய நாடகக் குழு ஒன்றுக்கு அஸ்திவாரம் போட்டபோது எடுத்த முதல் கல் நம் தென்காசிப் பக்கத்துக் கல். அதை நாம் இன்னும் நம் ஊரில் வருஷா வருஷம் ஆடாமல் இருக்கிறோம். இது எனக்குத் தீராத வருத்தம்.

நாடகக் கம்பெனி என்ற சொல்கூட நமக்குப் புதிதில்லை. 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் பாலர் சபை வைத்தார். பையன்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, சாப்பிட்டு, விடியலில் பாட்டும் பகலில் பாடமும் இரவில் மேடையுமாக வளர்ந்தார்கள். பாலே பள்ளிக்கூடத்தில் எட்டு வயதுப் பிள்ளை காலையும் மாலையும் கம்பியைப் பிடித்து நின்று பழகுகிற அதே கண்டிப்பு. பாடி நடித்துப் பேர்பெற்ற செங்கோட்டை கிட்டப்பாவின் குரல் அந்த நாடக மேடைகளில்தான் பழுத்தது. சினிமா வந்ததும் கம்பெனிகள் சரிந்தன.

ஆனால் சினிமா வந்தும், டி.வி. வந்தும், செல்போன் வந்தும் சரியாத கம்பெனி ஒன்று நம் சீமையில் இருக்கிறது. கணியான் கூத்து. உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்.

ஒரு செட்டில் ஆறேழு பேர். பாடுகிற அண்ணாவி, பின்பாட்டு, மகுடம் என்ற தோல் வாத்தியம் அடிக்கிற இரண்டு பேர், ஜால்ரா, பெண் வேஷம் கட்டி ஆடுகிற இரண்டு ஆண்கள். சுடலைமாடன் கோயிலில் கொடை என்கிற திருவிழா என்றால் இவர்கள் இல்லாமல் நடக்காது. நான் முதல்முறை கவனித்துப் பார்த்தது ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு கொடையில். நள்ளிரவில் நடக்கிற சாமக்கொடைக்கு இன்னும் நேரமிருந்தது. கோயிலுக்குப் பின்னால் பனையோலையைக் கொளுத்தி, அந்தத் தணலில் மகுடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார் ஒருவர். பூவரச மரத்தில் வளையம், அதன்மேல் எருமைக் கன்றுத் தோல். இரண்டு மகுடத்தில் ஒன்று மந்தம், ஒன்று உச்சம். தோலைச் சூடாக்கி, விரலால் தட்டிப் பார்த்து, காதை ஒட்டி வைத்துக் கேட்டு, திரும்பவும் நெருப்புக்குக் கொண்டுபோனார். நாலாவது தடவை தட்டியதும் பக்கத்தில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. "இப்ப சரி" என்று சொல்லிவிட்டு வேஷம் கட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். கண்ணாடி ஒன்றுதான். ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மை தீட்டினார்.

அண்ணாவியிடம் போய், "அடுத்த வருஷமும் இந்தக் கோயில் உங்களுக்குத்தானா?" என்று கேட்டேன்.

"அச்சாரம் வாங்கியாச்சுல்லா டீச்சர். எங்க அய்யா ஆடுன கோயிலு. அவியளும் வேற ஆளக் கூப்பிட மாட்டாவ, நாங்களும் அந்த நாளை வேற ஊருக்குக் குடுக்க மாட்டோம்."

அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு கம்பெனியின் ரகசியம் முழுக்க இருக்கிறது என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது. கொடைக்கு நாள் உண்டு. கால்நாட்டு எப்போது, குடியழைப்பு எப்போது, கொடை எப்போது என்று ஊருக்கே தெரியும். செலவுக்கு வீட்டுக்கு வீடு வரி உண்டு. வரி கொடுத்த குடும்பம் மும்பையில் இருந்தாலும் பஸ்ஸோ ரயிலோ பிடித்து வந்துவிடும். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆடி என்று மாதங்கள் வரிசையாக வரும். மழை மாதங்களில் ஓய்வு. ஒரு செட்டுக்குப் பத்துப் பதினைந்து கோயில் நிரந்தரமாக இருந்தால் வருஷத்தின் எலும்புக்கூடு நின்றுவிடும். மற்றதெல்லாம் அதன்மேல் வைக்கிற சதை.

மேற்கத்திய வட்டார பாலே கம்பெனிகளையும் பிழைக்க வைத்தது இதே ஏற்பாடுதான். அவர்களுக்குக் கொடை மாதம் டிசம்பர். கொட்டை உடைக்கும் பொம்மையைப் பற்றிய "நட்கிராக்கர்" என்ற பாலே. 1892-ல் ரஷ்யாவில் பிறந்தது. அமெரிக்காவில் அதை முதன்முறை முழுசாக ஆடியது சான் பிரான்சிஸ்கோ கம்பெனி, 1944 டிசம்பர் 24 அன்று. நம் குறவஞ்சி சென்னையில் மேடையேறிய அதே வருஷம் என்பதை நினைத்துப் பார்த்து நான் பலமுறை சந்தோஷப்பட்டிருக்கிறேன். இன்றைக்கு அங்கே ஊருக்கு ஊர் கிறிஸ்துமஸ் வந்தால் நட்கிராக்கர் ஆடியே ஆகவேண்டும். பல கம்பெனிகளின் டிக்கெட் வருமானத்தில் பெரும்பங்கு அந்த ஒரு மாதத்தில் வருகிறது. அதோடு, அந்தக் கதையில் விருந்துக்கு வரும் பிள்ளைகள், எலிகள், பொம்மைச் சிப்பாய்கள் என்று சின்னப் பிள்ளைகளுக்கு ஏகப்பட்ட இடம். உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள்தான் ஆடுவார்கள். ஒரு பிள்ளை எலியாக ஓடினால் அப்பா, அம்மா, தாத்தா, ஆச்சி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஏழெட்டு டிக்கெட். அடுத்த வருஷம் அந்தப் பிள்ளை எலியிலிருந்து சிப்பாயாக உயரும். பத்து வருஷம் கழித்து அதில் ஒருத்தி நாயகியாக வருவாள். அவளை எலியாகப் பார்த்த ஊர், நாயகியாகப் பார்க்க வரிசையில் நிற்கும். எலி வேஷம் போடும் பிள்ளையின் வீடுதான் அங்கே வரிதாரர்.

இப்போது என் குழுவின் கதை. 14 வருஷத்தில் ஒன்பது நாட்டிய நாடகங்கள் அமைத்தேன். ஒன்றையும் நாலு தடவைக்கு மேல் ஆடவில்லை. புதுசு, புதுசு என்று ஓடினேன். ஒவ்வொன்றுக்கும் ஆறு மாத ஒத்திகை, புது உடை, பாட்டு அமைப்பு. அழைப்பு வந்தால் ஆட்டம், வராவிட்டால் சும்மா. ஒரு விழாக் குழுவினர் இரவு எட்டு மணி என்று அழைத்துவிட்டு, பேச்சாளர்கள் முடிக்க மறுத்ததால் பதினொன்றரைக்கு மேடை கொடுத்தார்கள், அதுவும் பதினைந்து நிமிஷம். மேக்கப் கலைந்து, பசியில் வாடி நின்ற பிள்ளைகளின் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அன்றைக்கே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். அடுத்தவர் மேடையில் விருந்தாளியாக இருக்கும்வரை நம் ஆட்டத்துக்கு நேரம் குறிப்பது நாம் இல்லை.

இரண்டாவது தப்பு, கூலி. பஸ் கட்டணமும் ராத்திரிச் சாப்பாடும் தவிர நான் யாருக்கும் ஒன்றும் கொடுக்கவில்லை. "கலைக்காக" என்று சொல்வேன். அந்தச் சொல்லைக் கேட்டுப் பத்தாம் வகுப்புவரை பிள்ளைகள் வருவார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் நின்றுவிடுவார்கள். பிறகு என்ஜினியரிங், பிறகு கல்யாணம். இருபது வயதுக்கு மேல் உடம்பும் மனசும் சேர்ந்து பழுக்கிற நேரத்தில் ஒருத்திகூட என்னிடம் இல்லை. மாசம் ஒரு சின்னத் தொகையாவது கையில் வைத்திருந்தால் மூன்று பேராவது தங்கியிருப்பார்கள். வின்னிபெக்கிலும் பத்து வருஷம் சும்மாதான் ஆடினார்கள். ஆனால் பத்தாவது வருஷம் சம்பளத்துக்கு மாறினார்கள். நான் பதினான்காவது வருஷமும் சும்மாவே ஆடவைத்தேன்.

அந்த ஒன்பதில் மக்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றே ஒன்றை. குறவஞ்சியில் வரும் சிங்கன் சிங்கி பகுதி. குறி சொல்லிச் சம்பாதித்த நகையெல்லாம் பூட்டிக்கொண்டு நிற்கிற பெண்டாட்டியைப் பார்த்து, காலில் கிடக்கிற சிலம்பைப் பாம்பென்று நினைத்துச் சிங்கன் பதறுவான். சேலத்து நாட்டில் குறி சொல்லி வாங்கியது என்பாள் அவள். இப்படியே காலிலிருந்து தலைவரை ஒவ்வொரு நகையாகக் கேள்வி, பதில். என்னிடம் சிங்கனாக ஆடிய பெண் பதினாறு வயது. முதல் கேள்விக்குப் பயந்து பின்னால் ஓரடி வைப்பாள். இரண்டாவதுக்குச் சந்தேகத்தோடு ஓரடி முன்னால். மூன்றாவதுக்குக் குனிந்து மோந்து பார்ப்பாள். அந்த மோந்து பார்த்தல் நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. ஒத்திகையில் அவளாகச் செய்தது. கடையநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆடியபோது முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், சிங்கி பதில் சொல்லுமுன்னே தானே பதிலைப் பாடிவிட்டார். கூட்டமே சேர்ந்துகொண்டது. அந்த ஆட்டத்தையே பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வருஷமும் சாரல் நேரத்தில் ஆடியிருக்க வேண்டும். நான் அடுத்த வருஷம் வேறு கதைக்குப் போய்விட்டேன்.

உங்களுக்கு என் யோசனை இதுதான். புதிதாக எதுவும் தேடாதீர்கள். குறவஞ்சியை எடுங்கள். முழுசாக வேண்டாம். முதல் வருஷம் பந்தடியும், குறியும், சிங்கன் சிங்கியும் சேர்த்து முக்கால் மணி நேரம். பறவைகளாக வர முப்பது சின்னப் பிள்ளைகளைச் சேருங்கள். கொக்கு, நாரை, காடை என்று ஆளுக்கொரு பறவை. வருஷா வருஷம் கொக்கு குறத்தியின் தோழியாகட்டும், தோழி வசந்தவல்லியாகட்டும். நாளை மாற்றாதீர்கள். ஆனி, ஆடியில் சாரல் வந்தால் குற்றாலத்தில் ஜனம் தானாகக் கூடும். அரசின் சாரல் விழாவும் அந்தச் சமயத்தில்தான். அதில் இடம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் தென்காசியிலோ மேலகரத்திலோ ஒரு பள்ளிக்கூட மைதானம் போதும். கவிராயர் பிறந்த ஊரில் அவர் பாட்டை ஆடுவதற்கு யார் அழைப்பும் தேவையில்லை.

பாட்டுக்கு ரெக்கார்டு போடாதீர்கள். எவ்வளவு சிரமம் ஆனாலும் ஒரு பாடகர், ஒரு மிருதங்கம், ஒரு புல்லாங்குழல் உட்காரட்டும். சிங்கன் கூட்டத்தைப் பார்த்து இன்னொரு தடவை மோந்து பார்க்க நினைத்தால் பென் டிரைவ் காத்திருக்காது. மிருதங்கம் காத்திருக்கும். திருநெல்வேலி அரசு இசைப்பள்ளியில் 12 வயதிலிருந்து 25 வயதுவரை சேர்த்து, மூன்று வருஷம் பாட்டு, மிருதங்கம், நாகசுரம், தவில், பரதம் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள். முடித்து வரும் பிள்ளைகளுக்கு மேடை இல்லை. உங்களுக்கு வாத்தியக்காரர் இல்லை. இரண்டு பேரும் சந்தித்தால் போதும்.

தரையை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். பாலேக்காரர்கள் அடியில் மரச்சட்டம் கொடுத்துத் துள்ளுகிற மாதிரி தரை போட்டுத்தான் பழகுவார்கள். நாம் சிமெண்டுத் தரையில் நாலு மணி நேரம் தட்டுகிறோம். என் முழங்கால் இன்று மாடிப்படி ஏற மறுப்பதற்கு அதுதான் காரணம். பலகை அடித்த தரைக்குச் செலவாகும். நகைக்கும் ஜரிகைக்கும் போகிற பணத்தை முதல் வருஷம் அதற்குப் போடுங்கள். நகை வேண்டுமானால் நாகர்கோவில் வடசேரி பக்கத்தில்தானே இருக்கிறது. ஒரு செட் வாங்கி எல்லாரும் மாற்றி மாற்றிப் போடலாம். குறத்திக்குப் பாசிமணி போதும். அவள் அதில்தான் அழகு.

கணியான் கூத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். அதன் அடவுகளைப் பார்த்து மயங்கி, உங்கள் பிள்ளைகளுக்கு அந்த வேஷம் கட்டி மேடையேற்ற ஆசை வரும். எனக்கும் வந்தது. செய்யாதீர்கள். அது அவர்களுடைய வழிபாடு. கணியான் தன் கையைக் கீறி ரத்தம் சிந்திச் சாமிக்குக் கொடுக்கிற இடம் அது. உங்கள் ஆட்டத்துக்கு மகுடம் வேண்டுமென்றால், மகுடம் அடிக்கிறவரையே முறையாக அழைத்து, மிருதங்கக்காரருக்குக் கொடுக்கிற அதே தொகையைக் கொடுத்து, அதே பாயில் உட்காரவையுங்கள். சிங்கன் காட்டுக்குள் அலைகிற இடத்தில் உச்ச மகுடம் விழுந்தால் கேட்கிறவர்களுக்கு முதுகுத்தண்டு சிலிர்க்கும்.

பணம். முதல் மூன்று வருஷம் கையைக் கடிக்கும். ஐம்பது குடும்பங்களைப் பிடித்து, கொடைக்கு வரி எழுதுகிற மாதிரி வருஷ வரி எழுதுங்கள். தொகை சின்னதாக இருக்கட்டும். வரி நோட்டில் பேர் இருக்கிற வீடு ஆட்டத்துக்கு வராமல் இருக்காது. மானியம் வந்தால் வாங்குங்கள், ஆனால் அதை நம்பி நாள் குறிக்காதீர்கள். கனடாவிலும் அரசு கலை மன்றம் 1957-ல்தான் வந்தது. வின்னிபெக் கம்பெனி அதற்கு முன்னாலேயே பதினெட்டு வருஷம் உயிரோடு இருந்தது.

கடைசியாக, நோட்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். என் குழுவின் டிரங்குப் பெட்டி இரண்டு அங்கேதான் இருந்தன. உடைகள் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஒன்பது நாடகத்தின் ஜதிகளும் அடவுக் குறிப்புகளும் எழுதிய நோட்டுகள் கூழாகிவிட்டன. வெயிலில் காயவைத்துப் பிரித்தபோது மை முழுக்கக் கரைந்து நீலக் கறையாக இருந்தது. வின்னிபெக் தீயைப் பற்றி அதற்குப் பிறகுதான் நான் படித்தேன். உங்கள் பிள்ளைகளின் ஒவ்வொரு ஒத்திகையையும் போனில் படம் பிடித்து இரண்டு மூன்று இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அது ஒரு செலவே இல்லை.

சிங்கனாக ஆடிய அந்தப் பெண் இப்போது சங்கரன்கோவிலில் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகளின் தாய். வெள்ளம் வடிந்த பிறகு என்னைப் பார்க்க வந்தவளிடம் நோட்டைக் காட்டி அழுதேன். அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சேறு இன்னும் காயாத அந்தக் கூடத்திலேயே சிங்கன் பகுதியை முதலிலிருந்து கடைசிவரை ஆடிக் காட்டினாள். ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை. ஜதியை வாயால் சொல்லிக்கொண்டே ஆடினாள், நான் எழுதிக்கொண்டேன். சிங்கி பகுதி பாதிதான் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. சிங்கியாக ஆடியவள் பெங்களூரில். இந்தப் பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வக் கோயிலுக்கு வருகிறாளாம். நீங்கள் உங்கள் பெரிய பிள்ளைகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கு மறுநாள் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். சிங்கியாக ஆடியவளும் வருவாள், சிங்கனாக ஆடியவளையும் வரச் சொல்கிறேன். மூன்று மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். சாப்பாடு நம் வீட்டில்.